நூற்றிருபத்தேழு பல் சக்கரம்

“...அதனால நாந்தான் சுத்துவேன். நான் சுத்தித்தானே கெட்டுதுன்னு ஊரெல்லாம் பேச்சு? நான் சுத்தியே எறங்கட்டும்” என்றார் பச்சையம்மாள்.

பாகூர் பக்கத்து ஏரி ஒன்றின் கரையில், மதகு மேடைமேல் நின்றிருந்தோம். நான் கடைந்த இரும்புத் திருகுத்தண்டு வெண்கல நட்டின் வாயில் செங்குத்தாக நின்றது. ஏரிச் சங்கத் தலைவர் பலராமன் கைப்பிடியைப் பிடிக்கக் கை நீட்டினார். அதற்குள் பச்சையம்மாளின் கை அங்கே போய்விட்டது. அந்தக் கை அப்படியே இருக்கட்டும். அது அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன். ஒரு சக்கரத்தைப் பற்றியும், அதில் உள்ள பற்களின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லாமல் அது விளங்காது.

ஓய்வு பெற்ற பிறகும் ஆயுத பூஜைக்கு மட்டும் தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த பட்டறைக்குத் தவறாமல் போய்விடுவேன். போன பூஜைக்குப் போனபோது புதிதாக ஒரு கம்ப்யூட்டர் லேத் வந்திருந்தது. மாலையும் குங்குமமுமாக, கல்யாண வீட்டில் புதுச் சம்பந்தி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அதை ஓட்டும் பெண் ஐ.டி.ஐ. முடித்தவர், பெயர் சுகந்தி. சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பெயிண்ட் அடித்த சக்கரத்தைக் காட்டி, “அண்ணா, எல்லாச் சக்கரமும் ஷெல்ஃபுல கெடக்குது. இது மட்டும் ஏன் சாமி படம் மாதிரி மாட்டியிருக்கு?” என்று கேட்டார். எண்ணிப் பாரும்மா என்றேன். எண்ணிவிட்டு, “நூத்தி இருவத்தேழு. ஒரு மாதிரியான நம்பரா இருக்கே” என்றார். எங்கள் தொழிலாளர் சங்க மலருக்கு இந்தச் சக்கரத்தின் கதையையே எழுதிக் கொடுங்கள் என்று அங்கிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. விவசாயக் குடும்பம். பட்டறையில் முதலில் இரும்புத் தூள் கூட்டினேன், பிறகு டிரில் பிடித்தேன், அதன் பிறகு லேத்துக்கு வந்தேன். என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. அந்த வருஷங்களில் லேத் போடும் சத்தத்தை வைத்தே வெட்டு சரியா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பழகினேன். கணக்கு பிறகுதான் வந்தது. அது வந்ததற்கு ஷெஃப்தான் காரணம்.

ஷெஃப் என்றால் சமையல்காரர் என்று இப்போது எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அதற்கு மேலாள் என்று அர்த்தம். அவருடைய பெயர் லூர்துநாதன். பிரான்சில் கப்பற்படைப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் லேத்தில் ஊறிப்போன பிறகுதான் எங்களுக்குத் தலைமையாக வந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறொருவர் ஓட்டும் இயந்திரத்தின் மேல் கை வைக்க மாட்டார். பின்னால் வந்து கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பார். வேலை நன்றாக இருந்தால் “போன்” என்பார். பிரெஞ்சில் நல்லது என்று பொருள். நன்றாக இல்லாவிட்டாலும் அதே “போன்”தான், ஆனால் கொஞ்சம் இழுத்துச் சொல்வார். இரண்டு போனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

இப்போது பச்சையம்மாள். அந்த ஊரில் மதகுக் கைப்பிடி ஒரே வீட்டில் இருக்காது. யாருக்குத் தண்ணீர் முறையோ அவர் வீட்டில் இருக்கும். முறை முடிந்ததும் மதகை மூடிவிட்டு, கைப்பிடியைக் கழற்றிக்கொண்டுபோய் அடுத்த முறைக்காரர் வீட்டில் கொடுக்க வேண்டும். பச்சையம்மாளின் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அந்த வருஷம் அவர்கள் வீட்டு முறைக்குப் பச்சையம்மாளே வந்து சுற்றினார். மூடும்போது கதவுக்கு அடியில் ஒரு பனந்துண்டு மாட்டிக்கொண்டது தெரியவில்லை. ஏதோ இறுக்கம் என்று நினைத்து அழுத்திச் சுற்றியதில் திருகுத்தண்டு வளைந்துவிட்டது. பனந்துண்டை முங்கி எடுத்துவிட்டார்கள். ஆனால் கதவு திறந்தபடியே நின்றுவிட்டது.

மார்கழி பிறந்தாயிற்று, மழை முடிந்துவிட்டது. ஏரியில் இருக்கிற தண்ணீர்தான் அடுத்த பயிருக்கு. வைக்கோல் பிரியும் களிமண்ணும் சாக்கும் போட்டு அடைத்தும் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டே இருந்தது. பலராமன் கைப்பிடியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், மதகு சரியாகிறவரை பச்சையம்மாள் வீட்டுக்கு முறை கிடையாது என்று சொல்லிவிட்டார். சரியானால் கொடுப்பார்களா என்று கேட்டதற்கு, அதை அப்புறம் பார்க்கலாம் என்றாராம். முறை போனால் தண்ணீர் போச்சு. தண்ணீர் போனால் அவர்களுடைய கடைமடை நிலம் தரிசுதான்.

ஏரிச் சங்கத்தார் அதேபோல் புதிது கடைந்து தரச் சொல்லி வளைந்த தண்டை வேனில் அனுப்பினார்கள். பச்சையம்மாள் தனியாக பஸ் ஏறி எங்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார். உட்காருங்கள் என்று ஸ்டூல் போட்டேன். “நான் இல்லாதப்ப செஞ்சு, அது சரியில்லாம போச்சுன்னு வையி, அதுவும் எந்தலையிலதான் விழும் தம்பி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நீ செய்யி” என்றார். பிறர் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் வார்த்தை அதுதான்.

அந்த மதகு பிரெஞ்சுக்காரர் போட்டது. அதனால் தண்டின் மரை மில்லிமீட்டர் கணக்கு: ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே பன்னிரண்டு மில்லிமீட்டர். எங்கள் பெரிய லேத் சென்னையிலிருந்து பழசாக வாங்கிய இங்கிலீஷ் லேத். அதற்கு இஞ்சு மட்டும்தான் தெரியும். நடுவில் இரண்டு பல் சக்கரம் போட்டுத்தான் ஒரு அளவை இன்னொன்றாக மாற்ற வேண்டும். ஓட்டுகிற சக்கரத்துக்கு நூற்றிருபது பல், ஓடுகிற சக்கரத்துக்கு நூற்றிருபத்தேழு பல். ஏன் அந்த எண் என்றால், ஐந்து இஞ்சுக்குச் சரியாக நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர். இஞ்சும் மில்லிமீட்டரும் மிச்சம் மீதி இல்லாமல் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் அதுதான். வேறு எந்தச் சின்னச் சக்கரத்தாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. நூற்றிருபத்தேழை ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதாலும் வகுக்க முடியாது.

எங்களிடம் அந்தச் சக்கரம் இல்லை. சென்னையில் சொல்லிவைத்தால் பொங்கல் தாண்டித்தான் வரும். ஆனால் அதற்கு நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டையும் பாதியாக்கு. நூற்றிருபதில் பாதி அறுபது. நூற்றிருபத்தேழில் பாதி அறுபத்து மூன்றரை. அரைப் பல் வைத்த சக்கரம் உலகத்தில் கிடையாது. ஆகவே அரையை விட்டுவிட்டு அறுபத்து மூன்று. அப்படித்தான் போல்ட்டு வெட்டினோம், நட்டு வெட்டினோம். ஒன்றுக்குள் ஒன்று வெண்ணெயில் கத்திபோல இறங்கியது. ஒரு வாடிக்கையாளரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஷெஃப் கூட அதைச் சந்தேகப்படவில்லை. அவர் பழகிய பிரெஞ்சு லேத்தெல்லாம் மில்லிமீட்டரிலேயே ஓடுபவை. இந்தச் சிக்கலே அவருக்கு வந்ததில்லை.

அந்தக் கணக்கிலேயே முதல் தண்டைக் கடைந்து ஏரிக்குக் கொண்டுபோனோம். கரை முழுக்க ஆட்கள். தண்டை மேடையில் இருந்த பழைய பிரெஞ்சு நட்டின் வாயில் வைத்துப் பலராமனே சுற்றினார். ஐந்தாறு மரை அழகாக இறங்கியது. அப்புறம் இறுகியது. எண்ணெய் விட்டார்கள். ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் நட்டைச் சூடு பண்ணலாம் என்றார். பச்சையம்மாள் என் பக்கத்தில் வந்து, “தொண்டையில மாட்ன மீன் முள்ளு மாதிரி நிக்குது தம்பி. முழுங்கவும் மாட்டேங்குது, துப்பவும் மாட்டேங்குது” என்று மெதுவாகச் சொன்னார். அப்போது கூட்டத்தில் யாரோ, அந்த அம்மா கரையில் நிற்கிறவரைக்கும் அது இறங்காது என்றார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பச்சையம்மாள் கரையை விட்டு இறங்கி, தூரத்துப் பனைமரத்தடியில் போய்த் திரும்பி நின்றுகொண்டார். தண்டை வேனில் ஏற்றும்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

பட்டறைக்கு வந்ததும் ஷெஃப் யாரையும் திட்டவில்லை. பழைய தண்டில் வளையாத பகுதியையும் புதுத் தண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும்படி சேர்த்தார். ஒரு முனையில் நன்றாகக் கட்டிக்கொண்டன. ஒரு சாண் தள்ளி லேசாக விலகின. இரண்டு முழம் போவதற்குள் மேட்டின் மேல் மேடு ஏறி நின்றது. ஷெஃப் விரலால் அந்த நீளம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் நாங்கள் வெட்டி வைத்திருந்த நட்டு ஒன்றை எடுத்துப் புதுத் தண்டில் போட்டார். விட்டதும் அதுவாகவே சுழன்று இறங்கியது.

“போன்” என்றார், நீளமாக. “நம்ம போல்ட்டு நம்ம நட்டுக்கு மட்டும்தான்யா உண்மை சொல்லுது. ரெண்டும் ஒரே பொய்ய பேசிக்கிட்டா சண்டையே வராது.”

பிற்காலத்தில் எத்தனையோ இடத்தில் அந்த வார்த்தையை நினைத்திருக்கிறேன், பட்டறைக்கு வெளியிலும். அதே அறுபத்து மூன்றையே எண்பது பல் சக்கரத்தோடு வேறு விதமாகச் சேர்த்திருந்தால் கிட்டத்தட்டச் சரியாக வந்திருக்கும் என்று ரொம்ப நாள் கழித்து ஒருவர் சொன்னார். அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தச் சக்கரம் பிறந்திருக்காது. அதனால் தெரியாமல் போனதற்கும் நன்றி சொல்கிறேன்.

நூற்றிருபத்தேழு பல் சக்கரத்தை நாமே வெட்டிவிடுவோம் என்றார் ஷெஃப். மில்லிங் மெஷினில் சக்கரம் வெட்டும்போது பல் பல்லாக அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு கருவி உண்டு. அதன் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும். ஒரு சுற்றைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க ஓட்டை போட்ட தட்டு உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் இத்தனை ஓட்டை என்று எண்ணி, கைப்பிடியில் உள்ள ஊசியை அந்த ஓட்டையில் செருக வேண்டும். எங்கள் தட்டில் இருந்த பெரிய வட்டத்துக்கு நாற்பத்தொன்பது ஓட்டைதான்.

ஷெஃப் எண்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார். தட்டில் நேராக இருக்கும் எண் ‘வீட்டுக்காரன்’. வகுத்துச் சுருக்கினால் தட்டுக்குள் வந்துவிடும் எண் ‘விருந்தாளி’. எப்படி வகுத்தாலும் சுருங்காமல், தட்டிலும் இடமில்லாமல் நிற்கும் எண் ‘பிடிவாதக்காரன்’. நூற்றிருபது அருமையான விருந்தாளி. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எல்லாரோடும் உறவு கொண்டாடும். நூற்றிருபத்தேழு பிடிவாதக்காரன்.

பிடிவாதக்காரனை நேராகப் பிடிக்க முடியாது, விருந்தாளியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்றார். அதாவது நூற்றிருபது பல் வெட்டுவதுபோலவே ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஆனால் ஓட்டைத் தட்டைச் சும்மா விடக் கூடாது. அதற்கும் சக்கரம் பூட்டி, நாம் சுற்றச் சுற்ற அது பின்னால் நகரும்படி செய்ய வேண்டும். எனக்குப் புரியாமல் விழித்ததைப் பார்த்துவிட்டு, “ஓடத்துல ஏறி முன்னால நடந்திருக்கியா? நீ முன்னால போவ, ஓடம் கொஞ்சம் பின்னால போவும். அதனால கரைக்கு நீ நெனச்சத விட கொஞ்சம் கம்மியாத்தான் கிட்ட போயிருப்ப. அவ்ளோதான்” என்றார். ஒவ்வொரு பல்லும் ஒரு துளி குறுகும். அப்படிக் குறுகிக் குறுகி, ஒரு சுற்று முடியும்போது ஏழு பல் கூடுதலாக வந்திருக்கும்.

வெட்டுவதற்கு முன் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பல் வெட்டக் கூடாது. சுற்றிலும் மெல்லிய கீறல் மட்டும் போட்டு எண்ண வேண்டும். அதுவும் எத்தனை வர வேண்டும் என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது. “தெரிஞ்சவன் எண்ணுனா அவனுக்கு அதான் வரும்” என்பார். பட்டறையில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாளுக்குத் தெரியாது. ஏரிக்கரையில் நடந்ததற்குப் பிறகும் அவர் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டிருந்தார்.

ஷெஃப் அவரைக் கூப்பிட்டு, சாக்பீஸால் ஒரு கீறலுக்கு அடையாளம் வைத்து, இதிலிருந்து எண்ணுங்கம்மா என்றார். பச்சையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறலில் வைத்தார். “லாபம்” என்றார். “ரெண்டு, மூணு, நாலு...”

ஷெஃப் திகைத்துவிட்டார். பிரான்சில் இருந்தவருக்கு நெல் அளக்கும் களம் தெரியாது. நான் அவர் காதில், களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்றேன். “ஆனா அதுவும் கணக்குல சேத்திதானே?” என்று கவலையாகக் கேட்டார். பச்சையம்மாள் எண்ணுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

நூற்றுப் பதின்மூன்றில் முடிந்தது.

 ஷெஃப் மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தட்டை நகர்த்தும் சக்கரங்களுக்கு நடுவே ஒரு இடைச்சக்கரத்தைக் கூடுதலாகப் போட்டிருந்தார். அதனால் தட்டு பின்னால் போவதற்குப் பதிலாக நம்மோடு சேர்ந்து முன்னால் போயிருக்கிறது. ஏழு கூட வேண்டிய இடத்தில் ஏழு குறைந்துவிட்டது. “பரவால்ல. நூத்திப் பதிமூணு வேணும்னு எவனாச்சும் வந்தா வழி தெரிஞ்சுபோச்சு” என்றபடி இடைச்சக்கரத்தைக் கழற்றினார்.

கீறலைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் போட்டோம். மறுபடியும் லாபம், ரெண்டு, மூணு. நூறைத் தாண்டியதும் நாங்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். எங்கள் முகத்தை வைத்து அவர் விடை கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? நூற்றுப் பதின்மூன்றைத் தாண்டினார். நூற்றிருபதைத் தாண்டினார். அடையாளக் கீறலுக்கு முந்தைய கீறலில் நகத்தை வைத்து, “நூத்தி இருவத்தேழு” என்று நிமிர்ந்தார். “இதான் வேணுமா, இல்ல இன்னமும் இருக்குதா?”

“வுவாலா” என்றார் ஷெஃப். இதோ பார், வந்துவிட்டது என்று அர்த்தம்.

பற்களை வெட்டிக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் என்னிடம், ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு பாடு என்று கேட்டார். இதை எந்தச் சமபங்காகவும் பிரிக்க முடியாதக்கா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு அண்ணந்தம்பி வந்து நின்னாலும் பாகம் பிரிக்க முடியாத நெலம்னு சொல்லு. அது உருப்படியா இருக்கும் தம்பி. யாரும் துண்டாக்க மாட்டான்” என்றார்.

அந்த மாதிரி எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்பதும், நூற்றுப் பதின்மூன்றும் பகா எண்தான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மருமகள் கணக்கு டீச்சர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “மாமா, உங்க சக்கரம் சாதாரணப் பகா எண் இல்ல” என்று ஒரு காகிதத்தை எடுத்தார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் ஏழையும் கூட்டினால் நூற்றிருபத்தேழு. அந்த ஏழு எடைக்கல் மட்டும் கையில் இருந்தால் ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழு வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாமாம். இப்படி வரும் பகா எண்கள் மிகவும் அபூர்வம். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பெயரால் அவற்றை அழைக்கிறார்களாம். பிரெஞ்சுக்காரர் மதகுக்காக வெட்டிய சக்கரம் பிரெஞ்சுப் பாதிரியார் வீட்டுப் பிள்ளையாகவே அமைந்தது என்று ஷெஃப்பிடம் சொல்லியிருந்தால் இழுக்காத “போன்” ஒன்று கிடைத்திருக்கும். அப்போது அவர் இல்லை.

சக்கரத்தை லேத்தில் பூட்டி இரண்டாவது தண்டைக் கடைந்தேன். பழைய தண்டோடு சேர்த்துப் படுக்க வைத்தோம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மேடும் பள்ளமும் ஒன்றை ஒன்று விடவில்லை. எங்கள் நட்டைப் போட்டுப் பார்த்தோம். அது பாதியிலேயே நின்றுவிட்டது. அது நின்றதற்காக நாங்கள் கைதட்டினோம். அன்றைக்கே பழைய கணக்கில் வெட்டிய நட்டுகளையெல்லாம் ஷெஃப் தனிப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சுகந்தி ஒரு பொத்தானை அழுத்தி இஞ்சா மில்லிமீட்டரா என்று லேத்திடம் கேட்கிறார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்தப் பொத்தானுக்குள்ளும் அந்தப் பிடிவாதக்காரன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது ஏரிக்கரைக்குப் போகலாம். பச்சையம்மாள் இந்த முறை பனைமரத்தடிக்குப் போகவில்லை, நேராக மேடைமேல் ஏறிவிட்டார். பலராமன் நீட்டிய கையை மடக்கவில்லை. இது கூட்டத்துக்கு நடுவில் பேசுகிற பேச்சில்லை என்றும், போன தடவை நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள் என்றும் சொன்னார். ஷெஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார். “போன தடவை எறங்காததுக்கு இந்தம்மா காரணமில்ல. நாங்க செஞ்ச தண்டு சரியில்ல. இந்தத் தண்ட செய்யறதுக்கு எண்ணிக் குடுத்ததே இந்தம்மாதான்” என்றார். அவ்வளவு பேர் நடுவில் எங்கள் பட்டறையின் தவறை எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. அவரிடம் நான் கற்ற கணக்கை விட அதற்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

பலராமன் கையை எடுத்துக்கொண்டார். பச்சையம்மாள் சுற்றத் தொடங்கினார். முதல் மரை, இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது வந்ததும் கரையில் இருந்தவர்கள் மேடையை நெருங்கி வந்தார்கள். ஆறாவது. அவர் கொஞ்சம் நிறுத்தி, கைப்பிடியை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினார். ஏழு, எட்டு, ஒன்பது. கை மாறாமல், வேகம் மாறாமல் சுற்றிக்கொண்டே போனார். தண்டு கீழே போய்க் கதவைத் தொட்டது, நாங்கள் ஆணி பூட்டினோம், அடைத்திருந்த வைக்கோலையும் சாக்கையும் உருவினார்கள், கதவு இறங்கியது. மதகுக்கு வெளியே வாய்க்காலில் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் முதலில் மெலிந்து, பிறகு சொட்டி, நின்றது.

பலராமன் கைப்பிடியை வாங்கிக்கொள்ள மறுபடியும் கையை நீட்டினார். பச்சையம்மாள் அதைக் கழற்றி, அதிலிருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்து, தோளில் சாத்திக்கொண்டார். மேடையிலிருந்து இறங்கி, அவரைத் தாண்டி, கரையோடு நடந்து, முறை முடித்த யாரும் செய்வதுபோல, தன் முறைக்கு அடுத்த முறைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.